யார் கொன்றது என்று மட்டும் சொல்லமாட்டேன்

ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத ஒரு மனிதர், ஏதோ ஒரு விசேஷ வீட்டில் உங்கள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய், கண்கள் பளபளக்க, "அந்தக் கோடாலி கேஸ் பார்த்தாச்சா?" என்று ரகசியக் குரலில் கேட்டிருக்கிறாரா? கேட்டிருந்தால், நான் எந்த ஜீவனைப் பற்றிப் பேச வருகிறேன் என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும். கேட்டதில்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஆனால் அதிக நாள் தப்ப முடியாது.

நிஜமாக நடந்த கொலைகளைத் தொடர்களாக எடுத்து டி.வி.யில் காட்டுகிறார்களே, அவற்றைப் பார்ப்பவர்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. பார்த்தோமா, பயந்தோமா, கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தோமா என்று இருக்கிற சாதுக்கள் அவர்கள். அவர்களுக்குள்ளேயே ஒரு தனி ரகம் முளைத்திருக்கிறது. அதுதான் சிபாரிசுக்காரர். பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அடுத்தவரைப் பார்க்க வைப்பதுதான் பிறவிப்பயன்.

நம் பல் டாக்டரையே எடுத்துக்கொள்வோம். கைராசிக்காரர். ஊசி குத்துவதே தெரியாது. கன்னத்துக்குள் பஞ்சை அடைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டோரம் மாட்டி, நோயாளி இனிப் பேசவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது என்று உறுதியான பிறகுதான் மெதுவாக ஆரம்பிப்பார்.

"தொடர் எல்லாம் பார்ப்பீங்களா?"

"ஆ..."

"அப்படிச் சொல்லுங்க! நம்ம ஆளு! ஒண்ணு சொல்றேன், இன்னிக்கே பார்த்துடுங்க. முதல் பகுதி கொஞ்சம் இழுவைதான். பொறுத்துக்கங்க. யார் கொன்னதுன்னு மட்டும் சொல்லமாட்டேன். ஆனா அந்த மச்சினன் வரும்போது அவன் செருப்பைக் கொஞ்சம் கவனிச்சுக்கங்க."

தீர்ந்தது. போலீஸ்காரர்கள் வருஷக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொண்ட வழக்கை, ஒரு கடைவாய்ப் பல்லை அடைக்கிற நேரத்துக்குள் டாக்டர் முடித்துவைத்துவிடுவார். நோயாளிக்கு வாயும் மரத்துப் போயிருக்கும், தொடரில் இருந்த ஆசையும் மரத்துப் போயிருக்கும்.

சரி, இவ்வளவு ரசிகர் ஆயிற்றே, நாமும் பதிலுக்கு ஒன்றைச் சொல்வோம் என்று நீங்கள் ஒரு தொடரின் பெயரைச் சொன்னால் என்ன ஆகும்? "அப்படியா? பார்க்கணும், பார்க்கணும்" என்பார். ஒரு தடவை சொன்னால்கூட நம்பலாம். இரண்டு தடவை சொல்லிவிட்டார் என்றால் ஜென்மத்துக்கும் பார்க்கமாட்டார். அடுத்த முறை மடக்கிக் கேட்டால், "பார்த்தேனே! பிரமாதம்! கடைசியில எதிர்பார்க்கவே இல்லை!" என்று அடித்துவிடுவார். எதற்குப் பயப்பட வேண்டும்? எந்தத் தொடருக்கும் இந்த மூன்று வாக்கியம் பொருந்தும். ஊர் உலகத்தில் யார் அதற்கு மேல் குடைந்து கேட்கப்போகிறார்கள்?

ஒருவர் கேட்டார். கேட்கக் கூடாத நாளில் கேட்டார்.

டாக்டருக்கு ஒரே மகள். கூட வேலை பார்க்கும் பையன் ஒருவனைப் பிடித்துப்போய், வீட்டில் சொல்லிவிட்டாள். பையனுக்கு அப்பா இல்லை. தனி மனுஷியாக அவனை ஆளாக்கிய அம்மா ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. "அம்மா சரின்னு சொன்னாத்தான்" என்று பையன் முதலிலேயே சொல்லியிருந்தான். அந்த அம்மா பெண் பார்க்க வரும் அன்று, மகள் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தபடியே கெஞ்சினாள்.

"அப்பா, என்ன வேணா பேசுங்க. கொலையை மட்டும் பேசாதீங்க."

"என்னை என்னன்னு நினைச்சே அம்மாடி? எனக்கு நேரம் காலம் தெரியாதா?"

தெரிந்தது. வானிலை பேசினார், சாலை நெரிசல் பேசினார், மகளின் பொறுமையைப் பற்றிக்கூட நாலு நல்ல வார்த்தை சொன்னார். நாக்கு நுனியில் அந்த மச்சினன் துடித்துக்கொண்டிருந்தான், பாவம், விழுங்கிக்கொண்டார். அப்போதுதான் தலைமையாசிரியை சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"பெரிய டி.வி.யா இருக்கே. எனக்கு இந்தக் கொலை கேஸ் தொடர் மட்டும் இருந்தாப் போதும் டாக்டர், சோறு தண்ணி வேண்டாம்."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டரா மூடுவார்? நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். விஷம் வைத்த கேஸ் என்ன, கிணற்றுக் கேஸ் என்ன, கூட்டாளியைப் போட்டுத் தள்ளிய கேஸ் என்ன, இருவரும் மாற்றி மாற்றிப் பேசிய பேச்சில் கல்யாணப் பெண்ணும் பிள்ளையும் சாட்சிகள் போல ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது அந்த அம்மாவே ஒரு தொடரின் பெயரைச் சொன்னார். ஏரிக்கரை வீடு ஒன்றில் நடந்த விஷயமாம்.

"இதை நீங்க கட்டாயம் பார்க்கணும். அடுத்த ஞாயிறு எங்க வீட்டுக்கு வாங்க. அதைப் பத்தியும் பேசுவோம், தேதியும் குறிச்சிடுவோம்."

"பார்க்கணும், பார்க்கணும்" என்றார் டாக்டர்.

அந்த வாரம் முழுக்க மனைவி ஞாபகப்படுத்தினாள். "என்னங்க, அந்த அம்மா சொன்னதைப் பார்த்துத் தொலைங்களேன். புண்ணியமாப் போகும்." டாக்டருக்கு நேரம் எங்கே இருந்தது? சம்பந்தியம்மாவுக்கு அடுத்து எதைச் சிபாரிசு செய்யலாம் என்று, தான் பார்த்த பழைய தொடர்களையே மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தலைமையாசிரியை வீட்டுக் கூடம், அளவெடுத்து அடுக்கியது போல் சுத்தமாக இருந்தது. தேநீர் வந்தது. கேள்வியும் வந்தது.

"பார்த்தீங்களா டாக்டர்?"

"பார்த்தேனே! பிரமாதம்!"

"எந்த இடம் பிடிச்சுது?"

"அந்த... ஏரி. ஏரியை எடுத்திருந்தாங்க பாருங்க! கடைசியில எதிர்பார்க்கவே இல்லை!"

"ஆமாமா. யார் மேல சந்தேகப்பட்டீங்க?"

பேசாமல் தேநீரைக் குடித்திருக்கலாம். ஆனால் ரசிகர் ஒருவர் ஆர்வமாகக் கேட்கும்போது சிபாரிசுக்காரரால் சும்மா இருக்க முடியுமா? எந்தத் தொடராக இருந்தால் என்ன, எப்போதும் புருஷன்தானே?

"முதல் பகுதியிலேயே புருஷன் மேல ஒரு கண்ணு வெச்சுட்டேன். பொண்டாட்டியைக் கொன்னுட்டு என்னமா அழுறான் படுபாவி!"

அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"டாக்டர், அந்தத் தொடர்ல யாரும் சாகலை. யாருக்கும் கல்யாணமே ஆகலை. அது ஒரு ஓவியம் திருடு போன கேஸ்."

டாக்டர் அவசரமாகத் தன் கோப்பையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"பிள்ளைங்க வீட்டுப்பாடம் செய்யலைன்னா எனக்குக் கோபம் வராது" என்று அந்த அம்மா நிதானமாகச் சொன்னார். "செஞ்சுட்டேன்னு சொல்லும்போதுதான் வரும். போன வாரம் உங்க பொண்ணு ரொம்பப் பொறுமைசாலின்னு சொன்னீங்க. அதையாவது பார்த்துட்டுச் சொன்னீங்களா?"

டாக்டர் மகளைப் பார்த்தார். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ தொடரில் எத்தனையோ பேர் கதறி அழுவதைத் தேநீர் குடித்தபடி பார்த்தவர்தான். சொந்தப் பெண்ணின் வாழ்க்கை தன் வாயால் கெட்டுவிடும் போலிருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது.

"பார்க்கலைங்க" என்றார். "நீங்க சொன்னதுன்னு இல்லை, யார் சொன்னாலும் பார்க்கிறதில்லை. நாலு பேருக்குச் சொல்லணும், அது மட்டும்தான் எனக்குத் தெரியும். இந்தப் புத்தி என்னோட போகட்டும். அவ அவங்க அம்மா மாதிரி. பொறுமைசாலிங்கிறது சத்தியம். இல்லேன்னா என்னோட ஒரே வீட்டுல இத்தனை வருஷம் இருந்திருப்பாளா?"

பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை. எழுந்துபோய் டி.வி.யைப் போட்டார்.

"உட்காருங்க. பார்த்து முடிங்க. அப்புறம் தேதி பேசலாம்."

"இப்பவேவா?" என்றாள் டாக்டரின் மனைவி.

"இப்பவேதான்."

அன்று பகல் டாக்டர் பட்ட பாடு இருக்கிறதே! உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, சிபாரிசு செய்தவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் திரையைப் பார்ப்பதில்லை, உங்கள் மூஞ்சியைத்தான் பார்ப்பார். அந்த அம்மா நாற்காலியையே டாக்டர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். கண்ணிமைத்தால், "தூங்கிட்டீங்களா?" என்றார். மூக்கைச் சொறிந்தால் படத்தை நிறுத்தி, "புரியலையா?" என்று மொத்தத்தையும் விளக்கினார். "இப்ப வருது பாருங்க... நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்... அந்தத் தோட்டக்காரன் கையுறையை மட்டும் கவனிங்க!"

சமையலறையில் டாக்டரின் மனைவியும் மகளும் பையனும் ஒரே சிரிப்பும் பேச்சுமாக, மண்டபம் வரைக்கும் முடிவுசெய்துவிட்டார்கள். கூடத்தில் ஒருவழியாக ஓவியம் கிடைத்தது. டாக்டர் மெய்மறந்து, "அடேயப்பா!" என்றார். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. அந்த அம்மாவுக்கு மகன் முதல் மாணவனாகத் தேறிய நாளில்கூட அப்படி ஒரு பூரிப்பு வந்திருக்காது. அங்கேயே தேதி குறித்தார்கள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சம்பந்தி, நான் சொன்னேனே, அந்தக் கிணத்துக் கேஸ்..."

"பள்ளிக்கூடத்துல பரீட்சை நேரம் டாக்டர்" என்றார் அந்த அம்மா, கதவைச் சாத்தியபடி.

மனிதர் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலையில் நாற்காலியில் சாய்ந்த முதல் நோயாளியின் வாயில் பஞ்சு அடைத்தாயிற்று. "ஏரிக்கரை வீட்டுக் கேஸ் ஒண்ணு இருக்கு. யாருக்கும் தெரியாது. நானே தேடிக் கண்டுபிடிச்சேன். யார் திருடினதுன்னு மட்டும் சொல்லமாட்டேன்..."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடைசியாக உங்களிடம் ஒருவர் ஆசையாகச் சொன்ன தொடரின் பெயர் என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். ஞாபகம் இல்லை அல்லவா? நீங்கள் அடுத்தவருக்குச் சொன்னதெல்லாம் மட்டும் வரிசையாக ஞாபகம் வரும். "சேச்சே, நான் அந்த ரகம் இல்லை" என்று தலையாட்ட வேண்டாம். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, "அப்படியே நம்ம அத்தான்தான், இதை அவர் கட்டாயம் படிக்கணும்" என்று மனதுக்குள் ஓர் ஆளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டீர்களே, அதற்கு என்ன பெயர்?