குரலைக் குறைக்கும் மாத்திரை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் சொல்லச் சொல்ல, என் மருமகள் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டுமாம். இங்கே நலம் இல்லாததால் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன். நலமறிய ஆவல். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் சொல்ல வந்ததையும் சேர்த்து நீங்களே பேசி முடித்துவிடுவீர்கள். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரை நீங்கள் வாய் திறந்தும் பயனில்லை.

உங்கள் தங்கையின் கை விஷயம் உங்களுக்குத் தெரியும். முதலில் காலையில் எழுந்ததும் விரல் மடங்காது, வெயில் ஏறினால் சரியாகிவிடும். அப்புறம் குழாயைத் திருக முடியவில்லை, பித்தான் போட முடியவில்லை, சீப்பைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் தலை வாரிவிட்டேன். "சாக்கு மூட்டைக்கு வாய் கட்டற மாதிரி கட்டாதீங்க" என்றாள். ஆயுசு பூரா கிடங்கில் அதைத்தானே கட்டினேன், வேறு முடிச்சு எனக்கு எங்கே தெரியும்.

டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்றார். வெளியிலிருந்து வந்த கிருமியின் வேலை இல்லையாம், உடம்பின் காவல்படையே மூட்டுகளை அடிக்கிறதாம். முதலில் கை வைத்தது யார் என்று கேட்டேன். சண்டை என்றால் அதைத்தானே கேட்க வேண்டும். ரத்தத்தின் வெள்ளையணுக்களில் உதவி டி அணு என்று ஒன்று இருக்கிறதாம். "அது நேரா யாரையும் அடிக்காதுங்க. வேற அணு, தான் பாத்ததுலேர்ந்து ஒரு துண்டைக் கொண்டாந்து காட்டும். இது பாத்துட்டு, எதிரின்னு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கு மத்ததெல்லாம் ஓடி வந்து அடிக்கும்" என்றார். எங்கள் கிடங்கு மேஸ்திரிதான், வேறு யார். ஒரு மூட்டையைத் தொட்டதில்லை, ஆனால் அவர் கத்தாமல் ஒரு லாரி காலியானதில்லை. சொந்த உடம்பை எதிரின்னு எப்படிம்மா சொல்லும், கண் இல்லையா என்றேன். "அதுங்களுக்கு ஆரம்பத்துலயே பயிற்சி உண்டு. சொந்த உடம்பு மேல பாயறதை அப்பவே உடம்பு கழிச்சுடும். அப்படியும் சிலது தப்பிச்சு வந்துடும். அதை அதட்டி உக்கார வைக்க வேற டி அணு இருக்கு, சில பேருக்கு அதுவும் கை விட்டுடுது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல" என்றார். தெரியல என்று சொன்ன டாக்டரை அன்றுதான் பார்த்தேன். அந்த அணுவை மொத்தமா ஒழிச்சுட்டா என்ன என்றேன். "ஒழிச்சா, நிஜமாவே கிருமி வர்றப்போ கூப்பிட ஆள் இருக்காது. குரலைக் குறைக்கத்தான் மாத்திரை" என்றார். வாரத்துக்கு ஒன்று, புதன்கிழமை.

அந்தச் சமயம் பார்த்து நீங்கள் வந்தீர்கள். சாம்பல் நிறச் சட்டை, மேல் பித்தான் மட்டும் வெள்ளை. "எதிர்ப்புச் சக்தியை அமுக்கற மாத்திரையா? வீட்டு நாயைக் கட்டிப் போட்டுட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து விடற வேலை இது" என்றீர்கள். சொல்லிவிட்டுச் சக்திப் பொடி ஒரு டப்பா வைத்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் எப்போதும் செய்வது இதுதான் மச்சான். உங்கள் கை எதையும் தொடாது. மாடிப்படி அந்தப் பக்கம் இருந்தால் காற்று வரும் என்றீர்கள், இடித்தது நாங்கள், காற்று வரவில்லை, மழை வந்தது. எல்லைக் கல்லை ஒரு தடவை அளந்து பாருங்க என்று காதில் போட்டுவிட்டு நீங்கள் பஸ் ஏறினீர்கள், கோர்ட்டுப் படி ஏறினது நானும் என் தம்பியும். அவன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. எது கேட்டாலும் கிழமையோடு சொல்வேன். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு இதையெல்லாம் வைக்க மண்டையை விட்டால் வேறு இடம் கிடையாது. "இது வேணாம் மாமா, மனசு நோகும்" என்கிறாள் மருமகள். நீ எழுதும்மா.

நீங்கள் போனபிறகு உங்கள் தங்கைக்கு முழங்காலும் வீங்கிப்போச்சு. ஒருநாள் குளிக்கப் போனவளுக்கு உள்தாழ்ப்பாளைத் திறக்க விரல் வரவில்லை. நானும் மருமகளும் கீலைக் கழற்றினோம், கதவு வாளிமேல் விழுந்தது, வாளி என் கால்மேல் விழுந்தது. உள்ளே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். "மெதுவாக் கழட்டுங்க. நான் எங்க போயிடப் போறேன்" என்றாள். வலது கையை யாரோ கொடுத்து வைத்த பொருள் மாதிரி மடியில் வைத்திருந்தாள். அவளுக்குத் துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தால், துண்டு மடிப்புக்குள் மாத்திரை அட்டை. முதல் மாத்திரை மட்டும்தான் இல்லை. இப்படியே விட்டால் விரல் கோணிக்கொள்ளும், அப்புறம் நிமிராது என்று டாக்டரம்மா அத்தனை தடவை சொன்னாரே என்றேன். யார் பேச்சைக் கேட்டு நிறுத்தினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது.

ஆகையால் மச்சான், இனி இந்த வீட்டுக்கு வர வேண்டாம், போன் வேண்டாம், பொடியும் வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. அவளுக்குப் பத்து விரலும் நேராக இருக்க வேண்டும், எனக்கு அது போதும். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னதுகளுக்கு ஆசியும் சொல்லவும். உங்களுக்கு நீண்ட ஆயுசும் குறைந்த பேச்சும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன் (கைநாட்டு)

பின்குறிப்பு: எழுதியது சரியா என்று மருமகளை உரக்கப் படிக்கச் சொன்னேன். பக்கத்து அறையில் உங்கள் தங்கை படுத்திருந்தது மறந்துபோச்சு. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "எங்க அண்ணன் பேச்சை நான் எப்போ கேட்டிருக்கேன்? உங்களைக் கட்டிக்க வேணாம்னுகூடத்தான் தலைகீழா நின்னாரு" என்றாள். மருமகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்புறம் ஏன் நிறுத்தினே என்றேன். "மாத்திரை போட்ட மறுநாள் பூரா ஒரே குமட்டல், தலை தூக்க முடியல. நீங்க தட்டும் கையுமா கட்டில் பக்கத்துலயே நின்னு என் மூஞ்சியைப் பாத்துட்டு இருந்தீங்க. நான் ஒரு வாய் வாங்கலைன்னு நீங்களும் பட்டினி. வலியைத் தாங்கிக்கலாம்ங்க, உங்க மூஞ்சியைத் தாங்க முடியல" என்றாள்.

ஆக, ஆள் தெரியாமல் சத்தம் போட்டது நான்தான் மச்சான். கடிதத்தைக் கிழிக்கச் சொன்னேன். "நாலு பக்கம் மாமா, திரும்ப எழுத மாட்டேன், வேணும்னா கீழ சேத்துக்குங்க" என்கிறாள் மருமகள். சேர்த்துவிட்டேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம். "இதை அப்பவே சொல்லக்கூடாதா, குமட்டலுக்கு வழி இருக்கே" என்று கடிந்துகொண்டு, கூடவே போட வேறு மாத்திரை சொல்லியிருக்கிறார். வருகிற புதன்கிழமை விழுங்குகிறேன் என்று உங்கள் தங்கை ஒத்துக்கொண்டாள், ஆனால் வியாழக்கிழமை முழுக்க நான் கட்டில் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாதாம். என்னால் தனியாக முடியாது. யாராவது என்னை வெளியே நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்திருக்க இடம் கொடுக்காமல், இருட்டுகிற வரைக்கும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். புதன்கிழமையே வந்துவிடுங்கள்.