ஏழு தப்பு மாமி

எதையும் ஒழுங்காகச் செய்கிறவர்களிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. உலகம் தங்களோடு ஒத்துப்போகாவிட்டால், தப்பு உலகத்தின் மேல்தான் என்று நினைப்பார்கள். என்னுடைய இந்தக் குணம், என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே வெளிப்பட்டுவிட்டது.

யுத்த காலம். மாதுங்காவில் எங்கள் வீடு. எனக்குப் பாட்டு வராது. (நான் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள்.) அதனாலேயே முன்பு வந்தவர்கள் பஜ்ஜியோடு திரும்பிப் போயிருந்தார்கள். அப்போதெல்லாம் நான் கவலைப்படவில்லை. இந்த முறை கவலைப்பட்டேன். செம்பூரிலிருந்து வந்த இந்தப் பிள்ளை, உள்ளே நுழையுமுன் எல்லோருடைய செருப்பையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்ததைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டேன்.

"ஒரு பாட்டுப் பாடேம்மா" என்றார் பிள்ளையின் அம்மா.

"கணக்கு போட்டுக் காட்டறேன் மாமி."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அரிசி ரேஷனில் இருந்ததால் கோலத்துக்கு ரங்கோலிப் பொடிதான். தரையில் வட்டம் போட்டு, சுற்றிலும் 1, 4, 2, 8, 5, 7 என்று எழுதினேன்.

"இது 142857. எதாலே பெருக்கினாலும் இதே எண்கள், இதே வரிசை. ஆரம்பிக்கிற இடந்தான் மாறும். கேளுங்கோ."

"ரெண்டு" என்றார் பிள்ளை. 285714. வட்டத்தில் இரண்டிலிருந்து விரலை ஓட்டிக் காட்டினேன். "மூணு." 428571.

மாமி நகர்ந்து முன்னால் வந்தார். "அட, கோலம் சுத்தறதே! ஏழாலே பெருக்கு, பாப்போம்."

ஆறு எண்கள் என்பதால் ஆறுவரைதான் பெருக்கிப் பார்த்திருந்தேன். அதற்குமேல் போவது எனக்கு ஒழுங்கீனமாகப் பட்டிருந்தது. இப்போது பெருக்கினேன். 999999. அழித்துவிட்டு மறுபடி பெருக்கினேன். அதே ஒன்பதுகள் பல்லைக் காட்டின. காபி ஆறிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து சொன்னேன்:

"ஏழு தப்பு மாமி. வேற கேளுங்கோ."

சமையலறையில் அம்மா டம்ளரைக் கீழே போட்டாள். என் கண் நிரம்பிவிட்டது.

பிள்ளை தரையில் இறங்கி உட்கார்ந்து தானே பெருக்கிப் பார்த்தார். "கணக்கு சரிதான்."

"வரிசை கெட்டுப்போச்சே!"

"எங்கே கெட்டது? ஆறும் ஒரே மாதிரி நிக்கறது. இதைவிட ஒழுங்கா எப்படி நிக்கும்?"

மாமி சிரித்தார். "ரெண்டு பேரும் தரையிலே உக்காந்தாச்சு. இனிமே பாட்டு யாருக்கு வேணும்?"

பிள்ளை எழுந்தபோது என் வட்டம் அவருடைய வேஷ்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்தது. அதோடுதான் செம்பூர் வரை ரயிலில் போனார்.

இப்போதும் நான் ஸ்டேஷனில் டைம்டேபிளைப் பிடித்துக்கொண்டு வராத ரயிலைத் திட்டினால், இவர் மெல்ல என் பக்கம் குனிந்து சொல்வார்: "ஆமாம், ஏழுதான் தப்பு."