ரெண்டு பொட்டு

இலங்கை மலையகத்தில், எல்லோரும் 'ரெண்டு பொட்டு' என்று பட்டப்பேர் சொல்லிக் கூப்பிட்ட அவர் அளவுக்கு ஒட்டுப்பொட்டு வாங்கிய ஆண்பிள்ளை இன்னொருவர் இல்லை. இத்தனைக்கும் கட்டைப் பிரம்மச்சாரி. இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பிந்திய காலம். நோர்வூட் கடைவீதி மாடியறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக் கல்யாண வீடியோக்களில் வித்தை காட்டுவார்.

"வீட்டுல எத்தன பொம்பளைங்க?" என்பார் ஊரார் நானா என்றழைக்கும் ஃபேன்சிக் கடைக்காரர்.

"ஒருத்தரும் இல்லீங்க நானா. குடைக்கு ரெண்டு, தவிலுக்கு ரெண்டு."

திரும்புகிற, சாய்கிற எதைக் கண்டாலும் இரண்டு பொட்டு ஒட்டிவிடுவார். பொகவந்தலாவை பஸ்ஸின் ஸ்டியரிங்கில் ஒட்டி, டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

"ஒரு பொட்டு, சாமான் எங்க இருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சார். ரெண்டாவதுதான் எந்தப் பக்கம் சாயுதுன்னு சொல்லும். ரெண்டும் இருந்தா, மேல ஒட்டுற படமும் கூடவே திரும்பும்ங்க" என்று கணக்கு வாத்தியாரான எனக்கே பாடம் எடுப்பார்.

என் மகளின் கல்யாணத்துக்கு ஏழு மாதம் முன்பு என் மனைவி காலமானாள். அம்மா படத்தை ஏந்தித்தான் மணவறைக்கு வருவேன் என்றாள் மகள். ரெண்டு பொட்டு வந்து படச்சட்டத்தின் மேல் மூலைகளில் இரண்டை ஒட்டினார்.

"கண்ணாடியில லைட்டு அடிச்சு அம்மா மொகம் தெரியாதுங்க. பெறகு கம்ப்யூட்டர்ல நான் மொகத்த ஒட்டிக்கிறேன்."

நான் எண்ணிப் பார்த்தேன். படத்தில் மனைவியின் நெற்றிப் பொட்டோடு சேர்த்து மூன்று. அதிகமாகப் பட்டது. யாரும் பார்க்காதபோது இடது மூலைப் பொட்டை உரித்துவிட்டேன்.

நான்காம் நாள் வீடியோவைப் போட்டுக் காட்டினார். பெரியவர்களை வணங்க மகள் குனிகிறாள், சட்டம் சாய்கிறது, உள்ளே என் மனைவி மட்டும் தோட்டத்துக் காலைப் பெரட்டில் வரிசையில் நிற்பவள் போல விறைப்பாக நிற்கிறாள்.

"ஒரு பொட்ட காணோமே சார்!"

"மூணு இருந்தது கூடுதலாப் பட்டுச்சு..." என்று இழுத்தேன்.

"கணக்கு வாத்தியாருக்கு ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியலியே!"

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இது அம்மா மாதிரியே இல்லப்பா" என்றாள். அடுத்த வாரம் அவள் கணவனோடு வெளிநாடு போகிறாள்.

ரெண்டு பொட்டு மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். வினாடிக்கு இருபத்தைந்து படம், நாற்பது வினாடிக்கு ஆயிரம். ஐந்து நாள் ஒவ்வொன்றிலும் மனைவியின் முகத்தைக் கையாலேயே திருப்பினார். நான் பக்கத்திலிருந்து எண்ணினேன்.

"இது அறுநூத்திப் பன்னெண்டா, பதிமூணா?"

"சார், கீழ போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்க. மெதுவாவே குடிங்க."

கடைசியில் வீடியோவில் மகள் குனிந்தபோது சட்டத்துக்குள் என் மனைவியும் கூடவே தலை சாய்த்தாள். மகள் சத்தமில்லாமல் அழுதாள். நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பிறகு அவர் கொழும்புக்குப் போய்விட்டார். ஒருநாள் நானா கடையில் பொட்டு கேட்டேன்.

"அவரு போன பொறகு பொட்டு யாவாரமே படுத்துருச்சு சார்" என்றார் நானா.

ஓர் அட்டையில் பன்னிரண்டு. ஒன்றை மனைவி படச்சட்டத்தில், அன்று நான் உரித்த இடது மூலையில் ஒட்டினேன். மீதிப் பதினொன்றும் மேசை லாச்சியில் இருக்கின்றன. அவர் வந்தால் தேவைப்படும்.