ஒரு ஆணி கூட மாத்தாத லயம்

போன சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னுதான். இரத்தினபுரியிலருந்து பதினெட்டுப் பேர பஸ்ஸுல ஏத்தி, எஹலியகொட பக்கம் இருக்கிற எங்க ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போய், நாங்க குடியிருக்கிற வரிசை வீடு, அந்த லயத்த சுத்திக் காட்டி, திரும்பக் கொண்டு வந்து விடணும்.

இதுல என்னத்த பெருசா கெட்டுப் போகப் போகுதுன்னு நெனச்சேன். கெட்டுப் போச்சு!

அந்தப் பதினெட்டுப் பேரும் எங்க டவுன் மரபுரிமைச் சங்கத்து ஆளுங்க. மாசத்துல மொத சனிக்கிழமை சொற்பொழிவு. மூணாவது சனிக்கிழமை எங்கயாவது போய்ப் பாக்கிறது. வருஷத்துக்கு ஒருக்கா ஆய்வுச் சுற்றுலா.

ஆய்வுன்னா பயந்துராதீங்க. இடிஞ்ச செவர சுத்தி நின்னு "அனே, ஹரி லஸ்ஸனய்"னு, அதான் ஐயோ எவ்வளவு அழகுன்னு, சிங்களத்துல சொல்லிட்டு, பார்சல் சோறு தின்னுட்டு வர்றதுக்கு அவங்க வச்சிருக்கிற பேரு அது.

அந்தக் கூட்டத்துல நான் ஏன் சேர்ந்தேன்? ஒரு லோயர் ஆபிஸ்ல கிளார்க்கா இருக்கேன். கதிரையில சாஞ்சு டீ குடிச்சுக்கிட்டு, பெரிய மனுசி மாதிரி தலையாட்டணும்னு ஆசை. வேற ஒரு மண்ணும் இல்ல.

சங்கத்துல லயத்துப் புள்ள நான் ஒருத்திதான். அதனால போன மாசம் என்னையப் பேசச் சொன்னாங்க. மைக்கப் பாத்ததும் எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு.

"எங்க லயம் வெள்ளைக்காரன் கட்டினது. அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆணி கூட மாத்தல!"ன்னு கொரல் நடுங்கச் சொன்னேன்.

கைதட்டுன்னா அப்பிடி ஒரு கைதட்டு! குடையும் கையுமா இருந்த ஒரு பெரிய எடத்து நோனா கண்ணையே தொடச்சிக்கிட்டாங்க.

கூரை ஒழுகுதுன்னு நான் சொல்லல. அதுக்கு யாரு கைதட்டப் போறா?

சங்கத்துத் தலைவரு ரிட்டயர் ஆன பிரின்சிபல். எல்லாரும் 'சேர்'னுதான் கூப்பிடுவோம். அவரு அங்கயே எந்திரிச்சு, "அடுத்த பயணம் இந்த மகளோட லயத்துக்கு"ன்னு அறிவிச்சிட்டாரு.

அம்மாவுக்கு போன் போட்டேன். "அம்மா, சங்கத்து ஆளுங்க சனிக்கிழமை நம்ம லயத்தப் பாக்க வர்றாங்க."

"தகரம் விசயமாவா?"

எங்க அம்மாவுக்கு உலகத்துல ஒரே விசயம் கூரைத் தகரந்தான். மூணு வருஷமா கேட்டுக் கேட்டு, இந்தத் தடவதான் தோட்டத்து மேனேஜர் தொரை யாருக்குத் தகரம்னு லிஸ்ட் எழுதியிருந்தாரு. லிஸ்ட்ல மொதப் பேரே அம்மா பேரு.

"இல்லம்மா, சும்மா பாக்கத்தான்."

"சும்மா பாக்குறதுக்கு லயத்துல என்னடி இருக்கு?"

அந்தக் கேள்விக்கு அன்னைக்கே நான் பதில் யோசிச்சிருக்கணும்.

எங்க தோட்டத்துல நோட்டும் பேனாவுமா யாரு வந்தாலும் ஒரு மொற இருக்கு. தண்ணி புடிக்கிற பீலிக்கரையக் கூட்டுவாங்க. பொட்டு வச்சு உள்ள கூப்பிடுவாங்க. ஒழுகுற எடத்துல எல்லாம் வாளி வைப்பாங்க, வெயில் கொளுத்தினாலும் வைப்பாங்க! கடைசியா பெட்டிசனக் கையில குடுப்பாங்க. எம்.பி., என்.ஜி.ஓ., பல்லு டாக்டர், எல்லாருக்கும் ஒரே மொறதான்.

சனிக்கிழமை விடிய மழை. மழைன்னா பால் வெட்டு இல்ல. அதனால மொத்த லயமும் வீட்டுலதான் இருந்துச்சு. பஸ்ஸு வந்து நிக்கிறப்ப நாப்பது பேரு தாம்பாளத்தோட நிக்கிறாங்க.

தோட்டத் தலைவர் மாடசாமி மாமா பெட்டிசன நீட்டினாரு. "ஐயா, கூரை பூரா ஓட்டைங்க. ஒங்க கையால ஏதாவது பாத்து செய்யணும்."

சேர் ரெண்டு கையாலயும் வாங்கினாரு. விரிச்சுப் பாத்தாரு. மூக்குக் கண்ணாடிய ஏத்திக்கிட்டாரு.

"என்ன அழகான கையெழுத்து! இது நம்ம ஆவணப் பெட்டியில இருக்க வேண்டிய பொருள்"னு சொல்லி, பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு, பத்திரமா பைக்குள்ள வச்சுட்டாரு.

மாமா சந்தோசமா என்கிட்ட வந்து, "பாத்தியா ஜெயா, எவ்வளவு மதிப்பா வாங்கிக்கிட்டாரு! நிச்சயம் செய்வாரு"ன்னாரு. நான் வேற பக்கம் பாத்துக்கிட்டேன்.

அம்மாவோட ஒத்த ரூம் காம்பராவுக்குள்ள பதினெட்டுப் பேரும் நுழைஞ்சாங்க. அந்த நேரம் பாத்து மழை வலுத்துச்சு. அஞ்சு வாளியிலயும் டொக்கு டொக்குன்னு தண்ணி விழுது.

"ஷ்! எல்லாரும் அமைதியா கேளுங்க"ன்னாங்க குடை நோனா. கண்ண மூடிக்கிட்டு அந்தச் சத்தத்த போன்ல ரெக்கார்ட் பண்ணாங்க. அப்புறம் வீட்டுக்குள்ளயே குடைய விரிச்சாங்க!

அம்மா என் காதுக்குள்ள, "இந்தம்மாவுக்கு ஒடம்பு ஏதும் சரியில்லையா?"ன்னாங்க.

அந்த நேரத்துலதான் வெளிய டிராக்டர் சத்தம். டவுன் ஆளுங்க வர்றாங்கன்னு கேள்விப்பட்டு, நல்ல பேரு வாங்க, தொரை அன்னைக்கே தகரத்த ஏத்தி அனுப்பியிருக்காரு. பின்னாலயே ஜீப்ல அவரும் வந்து எறங்கினாரு. லயமே கத்துச்சு. அம்மா வாளியப் போட்டுட்டு வாசலுக்கு ஓடினாங்க. எங்க அம்மா ஓடி நான் பாத்ததே இல்ல.

அவங்களுக்கு முன்னால சேர் ஓடினாரு. டிராக்டருக்கு முன்னால கைய விரிச்சு நின்னுட்டாரு!

"எறக்காதீங்க! இந்தத் தகரத்தப் போட்டா லயத்தோட உயிரே போயிரும். இது ஒரு ஆணி கூட மாத்தாத லயம்! நான் சொல்லல, இந்த மகதான் சொன்னா!"

எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. பதினெட்டுப் பேரு ஒரு பக்கம். நாப்பது பேரு ஒரு பக்கம். நடுவுல எங்க அம்மா.

"அப்பிடியா மிஸ்?"னு கேட்டாரு தொரை. என்னைய ஒருத்தரும் அதுக்கு முன்னால 'மிஸ்'னு கூப்பிட்டது கெடையாது. அதுலயே நான் பாதி கவுந்துட்டேன்.

"ஆமாங்க தொரை... ஆனா..."

அந்த 'ஆனா' சங்கத்துக் கைதட்டுல காணாமப் போயிருச்சு.

தொரை மொகத்துல வந்த சிரிப்ப பாக்கணுமே! "நாங்களும் பழமைய மதிக்கிறவங்கதான்"னு நெஞ்சுல கைய வச்சு சொல்லிட்டு, டிராக்டரத் திருப்பச் சொன்னாரு. தகரம் நேரா ரப்பர் ஷீட்டுக்குப் பொகை போடுற கட்டடத்துக்குப் போச்சு. இப்ப எங்க தோட்டத்துல ரப்பர் நனையிறதில்ல.

மாடசாமி மாமா தாம்பாளத்த எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாரு. அவரு திட்டியிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும். உண்மையிலயே எனக்கு வெக்கமா இருந்துச்சு.

பஸ்ஸுல ஏறும்போது சேர் என் தோளத் தட்டி, "அடுத்த வருஷ நிகழ்ச்சி நிரல் அட்டையில ஒங்க அம்மா வீடுதான்"னாரு. அடுத்த மாசச் சொற்பொழிவும் முடிவாயிருச்சாம். தலைப்பு, 'பழைய கூரைகளைப் பேணுவது எப்படி.' ஏசி மண்டபத்துல.

நான் அம்மாகிட்டப் போனேன். அவங்க நெறஞ்ச வாளிய முத்தத்துல ஊத்திக்கிட்டு இருந்தாங்க.

"அம்மா, நான் அப்பிடி ஆகும்னு நெனைக்கலம்மா. அடுத்த லிஸ்ட்ல..."

அம்மா நிமிந்து கூடப் பாக்கல.

"ஒன்னையப் படிக்க வச்சதுக்கு, ரெண்டு தகரம் வாங்கிப் போட்டிருக்கலாம்."