திறந்ததை முதலில் முடிப்பவர்

எப்போதாவது குடிப்பவர்கள் என்றொரு இனம் உண்டு. அதில் ஒரு உட்பிரிவைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும். மாதத்துக்கு ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பார். வாங்குவது மட்டும் ஐந்து கிளாஸ் பிடிக்கும் முழு பாட்டில். இவரால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. எல்லாம் வீட்டுக்குத்தான்.

கடையில் இவரைப் பார்க்க வேண்டும். ஒரு ஆளுக்குப் போதுமான, திருகுமூடி போட்ட சின்ன பாட்டில் இருக்கும், டின் இருக்கும், குழாய் வைத்த அட்டைப்பெட்டி இருக்கும், அதன் உள்ளே இருக்கும் பை குடிக்கக் குடிக்கச் சுருங்குவதால் காற்றுப் புகாது, சில வாரம் தாங்கும் என்று கடைக்காரர் பொறுமையாகச் சொல்வார், இவரும் பொறுமையாகத் தலையாட்டுவார், பிறகு கனத்த கண்ணாடி பாட்டில் ஒன்றைத் தூக்கி, அடிக்குழியில் கட்டைவிரலை விட்டு ஆழம் பார்த்துவிட்டு அதையே எடுத்துக்கொள்வார். திருகுமூடி இருமல் மருந்துக்கு. டின் சோடாவுக்கு. அட்டைப்பெட்டி பாலுக்கு. ஒயினுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

மரியாதை முதல் கிளாஸோடு முடியும். மீதி நான்கு கிளாஸ், தக்கையைத் தலைகீழாகச் செருகிக்கொண்டு ஃபிரிட்ஜ் கதவில் நிற்கும். நாலாம் நாள் வாசனை போகும். பத்தாம் நாள் வேறு வாசனை வரும். ஆனால் இவரிடம் ஒரு சட்டம் இருக்கிறது: திறந்ததை முடிக்காமல் புதியதைத் திறக்கக் கூடாது. ஆகவே ஐந்து மாதத்துக்கு ஒரு முறை ஒயின், மற்ற நான்கு மாதமும் காடி, அதாவது வினிகர்.

எனக்குத் தெரிந்த உத்தமமான மாதிரி ஒரு கணக்கு வாத்தியார். அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அன்று அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று.

“ஏங்க, இன்னிக்கு எனக்கு ஒரு கிளாஸ் நல்லதா வேணும். புதுசைத் திறங்க.”

“திறக்கலாம், திறக்கலாம். முதல்ல இதை முடிச்சிடுவோம். ரெண்டு கிளாஸ்தான் இருக்கு.”

“அது எப்பத் திறந்தது?”

“நம்ம பொண்ணு வந்திருந்தப்ப.”

“அவ வந்துட்டுப் போயி மூணு மாசம் ஆச்சு.”

வாத்தியார் அதற்குள் மூன்று கிளாஸில் பங்கிட்டுவிட்டார். மூன்றாவது கிளாஸ், விருந்துக்கு வந்திருந்த அந்த அம்மாளின் தம்பிக்கு. அவர் ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், திறந்தார்.

“அத்தான், வெள்ளரிக்காய் இருந்தா நறுக்கிக் கொண்டாங்க. மேல ஊத்திக்கலாம்.”

“இது பக்குவப்பட்ட ருசி. உனக்குப் பழக்கம் இல்ல.”

அந்த அம்மாள் எழுந்தார். பரிசோதனைக் கூடத்தில் ரசாயனக் குப்பி திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டி, தேதி தாண்டினால் தயங்காமல் ஒதுக்கிப் பழகிய கை அது. மூன்று கிளாஸையும் தொட்டியில் கவிழ்த்தார். அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய், ஆளுக்கொன்றாக மூன்று சின்ன டின் வாங்கி வந்தார்.

“டின்லயா?” என்றார் வாத்தியார். “ரிட்டயர் ஆன நாள் அதுவுமா?”

“முப்பத்திரண்டு வருஷமா மனுஷ ரத்தத்தையே சின்னச் சின்னக் குப்பியிலதான் பிடிச்சேன். மரியாதை கொறஞ்சு போச்சுன்னு ஒருத்தரும் எந்திரிச்சுப் போகல. குடிங்க.”

குடித்தார். நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் தன் பங்கைக் கிளாஸில் ஊற்றி, அவசரமே இல்லாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். வாத்தியார் பாதியில் நிறுத்திக்கொண்டார். எழுந்து போய், டின்னின் வாயில் அலுமினியத் தாளை இறுக்கிச் சுற்றி ஃபிரிட்ஜ் கதவில் வைத்தார்.

“அடுத்த தடவை இதை முதல்ல முடிச்சிடணும்,” என்றார்.

சிரிக்கிறீர்கள். ஒயின் பக்கமே போனதில்லை என்கிறீர்கள். ரொம்ப நல்லது. பழக்கூடையில் அழுகத் தொடங்கியதைத் தேடி எடுத்து இன்றைக்குத் தின்றுவிட்டு, நல்லதை நாளைக்கு அழுகட்டும் என்று விட்டுவைப்பது உங்கள் வீட்டில் யார்?