பெரிய எழுத்தை வாசிக்காதவர்

வாசகரே, நம்மிடையே ஓர் இனம் உண்டு. வாசிக்கத் தெரியாதவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் நாலு பேரைக் கேட்டாவது விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள். வாசிக்கவே விரும்பாதவர்களையும் சொல்லவில்லை. அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். கண்ணில் பட்ட அச்செழுத்தையெல்லாம் வாசித்து, வாசித்ததையெல்லாம் நினைவில் வைத்து, நினைவில் வைத்ததையெல்லாம் தெருவில் போவோர் வருவோருக்கு எடுத்துச் சொல்லி, கடைசியில் அதிலே என்னதான் எழுதியிருந்தது என்று கேட்டால் மட்டும் உங்களை ஒரு மாதிரிப் பார்க்கிறாரே, அவரைச் சொல்கிறேன். மன்னார்த் தீவில் காற்றுக்கும் கழுதைக்கும் பஞ்சமில்லை. இந்த இனத்துக்கும் பஞ்சமில்லை.

இவரை அடையாளம் காண்பது சுலபம். நாளைக்கு மின்தடை என்று பேப்பரில் அறிவித்தல் வந்திருக்கும். இவர் அதை வரி விடாமல் வாசிப்பார். ஊர்ப் பெயர்களை வடக்கிலிருந்து தெற்காகப் போடாமல் மாறிப் போட்டிருக்கிறார்கள் என்று குறைபடுவார், தொலைபேசி இலக்கத்தில் ஓர் எண் மங்கலாக விழுந்திருப்பதைக் காட்டுவார், கையொப்பமிட்டவர் பதில் கடமையில் இருப்பவரா நிரந்தரமானவரா என்று விசாரிப்பார். மறுநாள் காலையில் கையில் ஸ்திரிக்கைப் பெட்டியோடு மதிலால் எட்டிப் பார்த்து, “உங்கட வீட்டையும் கரண்ட் இல்லையோ?” என்று கேட்பவரும் இவரே. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை வாசித்து, அது எந்த நாட்டில் எந்தத் தெருவில் செய்யப்பட்டது என்று சொல்வார். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா? அது தெரியாது.

மரண அறிவித்தல் என்றால் இவருக்குப் பெருவிருந்து. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட, இன்னாரின் அன்பு மருமகனும், கனடாவில் உள்ள இன்னாரின் பாசமிகு மைத்துனரும், பிரான்ஸில் உள்ள இன்னாரின் சகலனும் என்று ஓடுகிற அந்த வம்சாவளியை ஒரே மூச்சில் படித்து, எந்த மருமகன் விடுபட்டுப் போனார் என்று கண்டுபிடித்து, அந்த வீட்டுக்கே நேரில் போய் விளக்கம் கேட்பார். போனவர் அங்கே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “எங்கை வீட்டுக்காரரைக் காணேல்லை, வெளிய எங்கையும் போட்டாரோ?” என்று கேட்டிருக்கிறார். சுற்றியிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார்கள்.

எங்கள் உப்புக்குளத்தில் இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த உருவம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பஸ்தியாம்பிள்ளை மாஸ்டர். அவர் காலமெல்லாம் படிப்பித்தது எதை என்று நினைக்கிறீர்கள்? கிரகித்தல். ஒரு பந்தியைக் கொடுத்து, இதன் மையக் கருத்து என்ன, துணைக் கருத்துகள் எவை என்று கேட்பார்களே, அந்தப் பாடத்தைத்தான். நீலச் சேட்டுப் போட்ட மீனவர் ஒருவர் படகில் போகிறார் என்று தொடங்கி, கடற்புல்லை அழித்தால் மீனும் அழியும் என்று முடிகிற பந்தியொன்றை வகுப்பில் கொடுத்தார். கடற்புல்லைக் காக்க வேண்டும் என்று எழுதிய பிள்ளைக்கு “மேலோட்டமான வாசிப்பு” என்று சிவப்பு மையில் எழுதினார். சேட்டு நீலம் என்று எழுதிய பிள்ளைக்கு முழுப் புள்ளி. அந்தப் பிள்ளைகளெல்லாம் இன்று பெரிய பெரிய அரசாங்கக் கந்தோர்களில் இருக்கிறார்கள். நாம் ஒன்றைக் கேட்டு எழுதினால் அவர்கள் வேறொன்றைப் பதிலாக எழுதி அனுப்புவது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

மாஸ்டருக்கு இதிலே ஒரு தத்துவமும் உண்டு.

“பெரிய எழுத்தை ஆரும் வாசிப்பான். அதுக்கு மாஸ்டர் எதுக்கு? விஷயம் முழுக்கச் சின்ன எழுத்திலதான் கிடக்கு.”

பக்கத்து வீட்டு சாஹுல் ஹமீட் இதற்கு நேரெதிர். பெரிய இரும்புக்கடையின் முதலாளி. தலைப்பை வாசித்ததும் பேப்பரை மடித்துவிடுவார். “மாபெரும் மலிவு விற்பனை” என்ற கொட்டை எழுத்தைப் பார்த்துவிட்டு குடும்பத்தையே தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போய், அது போன வருஷத்து நோட்டீஸ் என்று அறிந்து, அங்கேயே எல்லோருக்கும் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்துத் திரும்பிய மனிதர். இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினால் ஒரு வாசகர் தேறுவார்.

இனி நடந்ததைக் கேளுங்கள். மாஸ்டரின் தங்கை கிறேஸ் உயிலங்குளத்தில் இருக்கிறார். அவருடைய ஒரே மகள் பிரஷாந்திக்குக் கலியாணம் நிச்சயமானது. கோயில் வாசலிலிருந்து பெண்ணைக் கைப்பிடித்துப் பீடத்தடிக்குக் கூட்டிப்போவது தகப்பனின் வேலை. பிரஷாந்தியின் தகப்பன் காலமாகிவிட்டார். தகப்பன் இடத்தில் தாய்மாமன்தான் நிற்க வேண்டும் என்று பிள்ளை பிடிவாதமாகச் சொன்னது. மாஸ்டரும் ஓம் என்று சொல்லி, அதற்கென்றே புதுச் சூட் தைத்து அலுமாரியில் மாட்டியும் வைத்தார். அதற்குப் பிறகு அழைப்பிதழ் அச்சாகி வந்தது. வந்ததே வினை.

மாஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, தாளின் தடிப்பை விரலால் உரசி, மூலையில் இருந்த புறா காகம் மாதிரி இருக்கிறது என்று சொல்லி, அச்சகத்தின் பெயரைப் படித்து, வேதாகம வசனத்தைப் படித்து, விருந்து மண்டபத்துக்குப் போகிற வழியைப் படித்து, மேலே தங்க நிறத்தில் பெரிதாக இருந்ததைத் தாண்டிக் கீழே இறங்கி, எறும்பு ஊர்கிற மாதிரிச் சின்ன எழுத்தில் இருந்த “தங்கள் வரவை நாடும் உற்றார் உறவினர்” பட்டியலுக்கு வந்து சேர்ந்தார். முதற்பெயர், பெண்ணின் சித்தப்பா எட்வேட், சமாதான நீதவான். அதன் கீழ் யார் யாரோ. பஸ்தியாம்பிள்ளை என்ற பெயர் அதில் எங்கேயும் இல்லை.

இரண்டாம் தரம் படித்தார். இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். அப்போதும் இல்லை. அன்றிலிருந்து கலியாணப் பேச்சை எடுக்கிறவர்களிடமெல்லாம் தான் வரமாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

கிறேஸ் தொலைபேசியில் அழைத்தார். மாஸ்டர் எதையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதால் எங்கள் தெருவே அதைக் கேட்டது.

“அண்ணை, ஏன் வரமாட்டன் எண்டுறியள்? நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்?”

“உங்களுக்கே தெரியும்.”

“தெரிஞ்சால் ஏன் கேக்கிறன்?”

“தெரியாத மாதிரிக் கேக்கிறதுதான் பெரிய பிழை.”

பிறகு பிரஷாந்தி பேசினாள். “மாமா, நீங்கள் வராட்டில் நான் தனியத்தான் நடந்து போவன். எட்வேட் சித்தப்பா தான் வாறன் எண்டு நிக்கிறார். நான் மாட்டன் எண்டிட்டன்.”

மாஸ்டர் தொலைபேசியை வைத்துவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. தகப்பன் இல்லாத பிள்ளை தனியாக அந்த நீளக் கோயிலை நடந்து கடப்பதா? எதற்காக? காரணம் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களிடமெல்லாம் “அவையளுக்கே தெரியும்” என்றார். அவையளுக்குத் தெரியவே தெரியாது.

கலியாண நாள் வந்தது. சாஹுல் ஹமீட் வானை வெளியே எடுத்தார். அழைப்புக் கிடைத்த அயலவர்களில் நானும் ஒருவன் என்பதால் பின்சீட்டில் இருந்தேன். மாஸ்டர் இடுப்பில் சாரமும் மேலே சேட்டுமாக வாசற் படலையைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்க்காத மாதிரி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாஸ்டர், நாங்க கலியாணத்துக்குப் போறம். பேசாலையில பெரிய கோயில் ஒண்டு கிடக்குத்தானே, அங்கதான் இருக்கும்” என்றார் சாஹுல் ஹமீட்.

மாஸ்டரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சொல்லாமல் இருந்தால் இவர் தீவின் மறுபக்கம் போய்ச் சேர்வார். சொன்னால் வைராக்கியம் கெடும். துணைத் தகவல் ஒன்று பிழையாக ஊரில் உலாவுவதை அவருடைய உடம்பு தாங்கவில்லை.

“பேசாலை இல்லை. உயிலங்குளம். பாலத்தைக் கடந்து நேர போய், குளக்கட்டு வாற இடத்தில...” என்று தொடங்கி, மதகையும் மரத்தையும் கடையையும் திருப்பத்தையும் அவர் சொல்லச் சொல்ல, சாஹுல் ஹமீட்டின் கண்கள் மங்கிக்கொண்டே போயின.

“இவ்வளவும் என்ட மண்டைக்குள்ள நிக்காது. ஏறுங்க. வழியைக் காட்டிப்போட்டு இறங்கிக்கொள்ளுங்க.”

வாசகரே, எனக்கு அந்தக் கோயில் நன்றாகத் தெரியும். ஆனால் அப்போது எனக்குத் திடீரென்று நித்திரை வந்துவிட்டது.

மாஸ்டர் ஏறினார். வழியைத்தானே காட்டப் போகிறார், சாரம் போதும். வான் கடற்காற்றில் ஆடிக்கொண்டு பாலத்தில் போகும்போது அவருடைய மனக்குறை தானாக வெளியே வந்தது. “பேர் போடேல்லை ஹமீட். அந்தக் கலியாணக் கார்டில என்ர பேர் இல்லை. எட்வேட்டின்ர பேர் கிடக்கு, பட்டத்தோட.”

சாஹுல் ஹமீட் ஒரு கையால் வானை ஓட்டிக்கொண்டு மறு கையால் டாஷ்போட்டில் கிடந்த அழைப்பிதழை எடுத்து நீட்டினார். “என்ன மாஸ்டர் கதைக்கிறீங்க? பெரிசா உங்கட பேர்தானே கிடக்கு. நீங்கதானே கூப்பிட்டிருக்கிறீங்க. நீங்க கூப்பிட்டபடியாத்தான் நானே போறன்.”

மாஸ்டர் பார்த்தார். தங்க நிறத்தில், பெருவிரல் பருமனில் எழுதியிருந்தது: “எனது அன்பு மருமகளின் திருமணத்துக்குத் தங்களை அன்புடன் அழைக்கிறேன். சூ. பஸ்தியாம்பிள்ளை.” வீட்டுத் தலைவனாக அவர் பெயரைத்தான் போட்டிருந்தார்கள். அழைக்கிறவர் பெயரைப் பிறகு எதற்கு வரவை நாடுகிறவர்கள் பட்டியலில் போடுவது? தன் பெயரில், தானே, ஊரையெல்லாம் கூப்பிட்ட கலியாணத்துக்கு, தன்னைச் சரியாகக் கூப்பிடவில்லை என்று மாஸ்டர் கோபித்துக்கொண்டிருந்திருக்கிறார். இது அவருக்குத் தெரியாமல் இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

கொஞ்சத் தூரம் போனதும் மாஸ்டர் மெல்லச் சொன்னார்: “எழுத்து கொஞ்சம் பெரிசாப் போட்டாங்கள். அதுதான் கண்ணில படேல்லை.”

“கெதியா ஓட்டு ஹமீட்” என்றார் பிறகு.

கோயில் வாசலில் பிரஷாந்தி வெள்ளை உடுப்போடு தனியே நின்றாள். உள்ளே வருகைப் பாடலைத் தொடங்கி, முடித்து, மறுபடி தொடங்கியிருந்தார்கள். எட்வேட் கோட்டோடு பக்கத்தில் நின்று, கடைசி நேரத்திலாவது தன்னைக் கூப்பிடுவாள் என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். சாரத்தோடு வானில் இருந்து இறங்கிய மாஸ்டரைக் கண்டதும் அவள் ஏன், எப்படி, எங்கே என்று ஒன்றும் கேட்கவில்லை. எட்வேட்டின் கோட்டைக் கழற்றச் சொல்லி வாங்கி மாமனுக்குப் போட்டுவிட்டு, கையை நீட்டினாள்.

“மாமா, வாங்கோ.”

அவ்வளவுதான். அந்த அழைப்பிதழ் முழுவதும் சொன்னது இந்த ஒரு சொல்லைத்தான். புறாவும் தாளும் பட்டியலும் இதற்குத் துணைக்கு வந்தவை. மாஸ்டரின் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, வாசலில் கொடுத்த திருப்பலிக் கையேட்டைப் பிரித்துக்கொண்டார். பிரித்தால் வாசிக்காமல் இருப்பாரா? ஒரு கையில் மருமகள், மறு கையில் கையேடு, சாரத்துக்கு மேலே சமாதான நீதவானின் கோட். இப்படியாகப் பீடம் வரை வாசித்துக்கொண்டே போனவர், பெண்ணை மாப்பிள்ளையிடம் கொடுப்பதற்குப் பதிலாக அவளோடு சேர்ந்து தானும் முழந்தாளிட்டுவிட்டார். பாதிரியார் குனிந்து காதுக்குள் ஏதோ சொன்ன பிறகுதான் எழும்பினார். சிரித்தால் அழுகை வந்துவிடும் என்று கிறேஸ் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

சரி வாசகரே, இனி உங்களிடம் வருகிறேன். இவ்வளவு நேரமும் மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. ஆனால் மாப்பிள்ளையின் பெயரை இவன் சொல்லவே இல்லையே என்று உங்களுக்கு ஓர் அரிப்பு இருக்கிறதா? எட்வேட்டின் கோட் மாஸ்டருக்கு அளவாக இருந்ததா, சாஹுல் ஹமீட் விருந்துக்கு நின்றாரா என்றெல்லாம் மனது ஓடுகிறதா? அப்படியானால் ஓர் உதவி செய்யுங்கள். போன வாரம் உங்கள் வீட்டுக்கும் ஓர் அழைப்பிதழ் வந்திருக்கும். தாளைத் தடவிப் பார்த்து, பெயர் வரிசையைப் பார்த்து, உங்களை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று தேடி, முகத்தைச் சுளித்து எங்கேயோ செருகி வைத்திருப்பீர்கள். எழுந்து போய் அதை எடுத்து, பெரிய எழுத்தை மட்டும் ஒரு தரம் வாசியுங்கள். கெதியாக வாசியுங்கள், அங்கே பாடலை இரண்டாம் தரம் தொடங்கியிருப்பார்கள்.