வேப்பமரத்துச் சம்மனசு

மரத்தில் ஏறுகிறவன் இறங்கும் வழியையும் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு வயதில் எனக்கு ஏறத்தான் தெரிந்திருந்தது. அதுவும் முதுகில் மூங்கில் குச்சியும் பட்டக் காகிதமும் ஒட்டிய இரண்டு இறக்கைகளோடு ஏறினேன். இறங்கும்போது ஓர் இறக்கைதான் மிச்சம் இருந்தது. மானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

அது ஐம்பத்தேழோ ஐம்பத்தெட்டோ. வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கோயில் பள்ளிக்கூடத்தில் நான் புது வாத்தியார். அதுவரை எங்கள் கோயிலில் கிறிஸ்மஸுக்குக் களிமண் பொம்மை வைத்துத்தான் குடில் கட்டுவார்கள். ஆட்டுக்குக் கால் உடைந்திருக்கும், ராஜாவுக்கு மூக்கு இருக்காது. நான் நேரே பங்குச் சாமியாரிடம் போய், இந்த வருஷம் கோயில் வாசலில் நிஜ மனிதர்கள், நிஜ மாடு, நிஜக் கழுதை வைத்துப் பாலன் பிறப்பை நடத்திக் காட்டுகிறேன் என்றேன். சாமியார் நல்ல மனிதர். ஒரே ஒரு யோசனைதான் சொன்னார், உபதேசியார் வீட்டுப் பசு சாது, அதையே கட்டிக்கொள் என்று.

கேட்டேனா? உபதேசியார் வீட்டுப் பசுவுக்கு விலா எலும்பை எண்ணலாம். ஆண்டவர் பிறந்த இடத்தில் இப்படியொரு மாடா? (ஆண்டவரே ஏழையாகத்தான் பிறந்தார் என்பதை மூன்றாம் வகுப்புக்குப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தவன் நான்தான்.) எனக்குத் தேவைப்பட்டது பக்கத்து ஊர்த் தலைவர் அம்பலகாரர் வீட்டுச் செவலை.

செவலையைத் தெரியாதவர்கள் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. மஞ்சுவிரட்டுக் காளை. மூன்று வருஷமாக ஒருவன் கையும் அதன் திமிலில் நின்றதில்லை. அம்பலகாரருக்குப் பிள்ளைகள் நான்கு பேர், ஆனால் பேர் சொல்லும் பிள்ளை செவலைதான். நான் போய்க் கேட்டதும் வீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மாட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சாமி காரியம்ங்கிறீங்க, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா வாத்தியாரே, ஒருத்தன் கை அது திமில்ல படக்கூடாது. ஒங்க வார்த்தைய நம்பித்தான் தாரேன்."

நெஞ்சில் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தேன். அவ்வளவு சுலபமாகச் செய்துவிட்டேன்.

சூசையப்பராக அந்தோணியைப் போட்டிருந்தேன். தச்சுவேலை செய்கிறவன், முகம் நிறையத் தாடி, ஒட்டுத் தாடி தேவையில்லை. தேவமாதாவாக அவன் மனைவி சவரியம்மாள், குழந்தை சேசுவாக அவர்களின் மூன்று மாதக் குழந்தை. திருக்குடும்பமே நிஜக் குடும்பம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிட்டேன். எங்கள் ஊரிலேயே பெரிய மாடுபிடி வீரன் இந்த அந்தோணிதான். மூன்று வருஷமாகச் செவலையிடம் தோற்று மண்ணைக் கவ்வியவனும் அவனேதான். ஒத்திகையில் மாட்டுக்குப் பதிலாகப் பள்ளிக்கூட பெஞ்சை நிறுத்தியிருந்ததால் அவன் மிகவும் அடக்கமாக நடித்தான்.

இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கே கோயில் வாசல் நிரம்பிவிட்டது. நம் ஆட்கள் மட்டுமல்ல, பக்கத்து ஊர்களிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். முதல் வரிசையில் அம்பலகாரர் வெள்ளை வேட்டி சட்டையில். அவரோடு மாட்டைப் பிடித்துவந்த ஆளை, கோவணமும் கம்புமாக ஓர் ஆள் சுவிசேஷத்தில் கிடையாது என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டேன். செவலையை நானே குடிலின் முன்கால் மூங்கிலில் கட்டினேன். கொம்பு வெறிச்சென்று இருப்பது நல்ல நாளில் கண்ணை உறுத்தியது. புது ஜரிகைத் துண்டு ஒன்றை எடுத்து இரண்டு கொம்பையும் சேர்த்து அழகாகக் கட்டிவிட்டேன். எங்கள் பக்கம் காளையின் கொம்பில் துணி கட்டினால் என்ன அர்த்தம் என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மாட்டைப் பிடிக்கிறவனுக்கு அந்தத் துணி என்று எனக்கும் தெரியும். அன்றைக்கு எனக்கு அது அலங்காரமாகத்தான் தெரிந்தது.

அந்தோணி வந்தான், செவலையைப் பார்த்தான், செவலையும் அவனைப் பார்த்தது. அவன் அங்கிக்குள் வேட்டியை மட்டும் ஒருமுறை வரிந்து கட்டிக்கொண்டான். பக்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நான் ஏணி வைத்துக் குடிலுக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தில் ஏறினேன். சம்மனசு, அதாவது தேவதூதன் வேஷம் எனக்கு. (வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.) மேலே நின்று கைகளை விரித்து, "அஞ்சாதிருங்கள், மகா சந்தோஷமான செய்தியைக் கொண்டுவந்திருக்கிறேன்" என்றேன். கூட்டம் அப்படியே அடங்கிப்போயிற்று. என் வாழ்நாளில் அதுபோல் ஒரு நிமிஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்து மூன்று ராஜாக்கள் வரவேண்டும். ராஜா என்றால் சும்மா நடந்தா வருவார்? கொட்டுக்காரர்களிடம் சந்தோஷமாக ஓர் அடி அடியுங்கள் என்று சொல்லிவைத்திருந்தேன். அவர்களும் பாவம், கைக்குப் பழகிய சந்தோஷ அடியையே அடித்தார்கள். அது மஞ்சுவிரட்டில் மாடு அவிழ்க்கிற அடி.

செவலையின் காது நிமிர்ந்தது. கொம்பில் துணி, காதில் கொட்டு, எதிரே கூட்டம். தை மாதம் முன்கூட்டியே வந்துவிட்டது என்று அது நினைத்ததில் தப்பே இல்லை. ஒரே இழுப்பில் மூங்கில் கையோடு வந்தது. குடில் ஒரு பக்கமாகச் சாய, கீற்று சரிந்து என் ஏணியைத் தள்ளிவிட்டது, கிளையைத் தாவிப் பிடித்ததில் என் ஓர் இறக்கை பிய்ந்து விழுந்தது. மாடு பாய்ந்தது. ராஜாக்கள் பொன்னையும் தூபத்தையும் போட்டுவிட்டு மூன்று திசையில் ஓடினார்கள். சவரியம்மாள் பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். சூசையப்பர் கையிலிருந்த கோலை எறிந்தார், அங்கியை உருவிப் போட்டார், தாவினார்.

நான் மேலிருந்து, "அந்தோணி, வேணாம்! சத்தியம் பண்ணியிருக்கேன்!" என்று கத்தினேன். யார் காதில் விழும்? திமிலைக் கட்டிக்கொண்டு தொங்கினான். முதல் துள்ளல். இரண்டாவது துள்ளல். வாய் திறக்கவே கூடாது என்று நான் சொல்லிவைத்திருந்த தேவமாதா, பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"விட்ராதீங்க! இன்னும் ஒரு துள்ளுதான்!"

மூன்றாவது துள்ளலையும் தாங்கிவிட்டுத்தான் அவன் கீழே குதித்தான். அம்பலகாரர் நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்தார். செவலை திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றது.

அதற்குப் பிறகு கிறிஸ்மஸ் யாருக்கு ஞாபகம் இருந்தது? மூன்று துள்ளல் தாங்கினால் பிடிமாடு. மூன்றுதான் என்று எங்கள் ஆட்கள், இரண்டுதான் என்று அம்பலகாரர் ஊர்க்காரர்கள். கிளம்பிய புழுதியில் கீழே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சத்தம் முற்றியது, சிலர் துண்டை இடுப்பில் கட்டினார்கள். சாமியார் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போது எவனோ ஒரு புண்ணியவான், "மேல வாத்தியார் இருக்காருல்ல, அவரு பாத்திருப்பாரு" என்றான்.

ஊரே அண்ணாந்து பார்த்தது. ஒற்றை இறக்கையோடு கிளையைக் கட்டிக்கொண்டு நான். அம்பலகாரரும் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கேட்டது ஒரே ஒரு வாக்கு. அதையும் காற்றில் விட்டுவிட்டேன். மாட்டின் பேராவது மிஞ்சட்டுமே.

"ரெண்டுதான்," என்றேன்.

அவர் ஆட்கள் விசில் அடித்தார்கள். அம்பலகாரர் கையை உயர்த்தி அடக்கினார்.

"மூணு. எம் மாடு எத்தனை துள்ளுச்சுன்னு எனக்குத் தெரியாதா? சம்மனசு வேசத்தக் கட்டிக்கிட்டுப் பொய் சொல்றீங்களே வாத்தியாரே."

கொம்பிலிருந்த ஜரிகைத் துண்டைத் தானே அவிழ்த்தார். மூச்சிரைத்து நின்ற அந்தோணியின் தோளில் அதைப் போட்டு, "புடிச்சவனைப் புடிச்சான்னுதான் சொல்லணும்" என்றார். பிறகு செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நடந்து போனார். கூட்டமும் கலைந்தது. அத்தனை நேரமும் அசையாமல் நின்று தன் பாகத்தை ஒழுங்காகச் செய்த ஒரே ஜீவன் கழுதை. என்னை யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சவரியம்மாள்தான் ஏணியைக் கொண்டுவந்து வைத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பூசைக்கு முன், செய்த பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, "தெரியும், கேட்டேன். அடுத்த ஆளை வரச் சொல்" என்றார் சாமியார்.

அடுத்த கிறிஸ்மஸுக்கு நான் கேட்காமலேயே அம்பலகாரர் வீட்டிலிருந்து மாடு வந்தது. பல் போன உழவு மாடு. இது துள்ளாது, வாத்தியாருக்கு எண்ணுகிற சிரமம் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் இருந்தவரைக்கும் வருஷம் தவறாமல் அப்படியொரு மாடு வந்தது.

எனக்குப் பெண் கொடுத்தது குன்றாண்டார்கோவில் பக்கம். எனக்கு முன்பே என் கதை அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இன்றும் எங்கள் வீட்டுக் குடிலில் எல்லாப் பொம்மையும் குழந்தையைப் பார்த்திருக்கும், சம்மனசு மட்டும் சுவரைப் பார்த்துத் தொங்கும். விருந்தாளி யாராவது திருப்பிவைக்கப் போனால் என் மனைவி தடுத்துவிடுவாள்.

"அது அப்படியே இருக்கட்டுங்க. பாத்துச்சுன்னா பொய் சொல்லும்."